விபத்தில் காயப்பட்ட பயணிக்கும் ஹக்கு உண்டு



சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். வயது 42. வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவர். உறவினர் வீட்டு நிக்காஹுக்கு எல்லோரும் சேர்ந்து வேனில் போய்த் திரும்பும்போது லாரி மோதி, தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவி கேட்டு வந்திருந்தார்.

"இழப்பீட்டு மனு போட்டீர்களாமா?" என்று கேட்டோம்.

"இல்லை பாய். வேன்காரர் நமக்குத் தெரிஞ்ச பிள்ளை. ஆஸ்பத்திரிக்கே வந்து 25,000 ரூபாய் கொடுத்துச்சு. ஒரு பத்திரத்துல கையெழுத்து வாங்கிக்கிச்சு. அதுமேல போய் எப்படி கேஸு போடறது? எல்லாம் நஸீபு" என்றார்.

பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். இனி எந்த இழப்பீடும் கோர மாட்டேன் என்று எழுதியிருந்தது. விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்தபோது, வழக்கு லாரி ஓட்டுநர் மீது பதிவாகியிருந்தது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்பதே இந்தச் சகோதரிக்குத் தெரியவில்லை. வழக்கறிஞர் மூலம் அவசரமாக மனு தாக்கல் செய்தபோது காலக்கெடு முடிய 18 நாட்களே பாக்கி. வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தப் பத்திரத்தைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாடிக்கொண்டிருக்கிறது.

இதே நிலை நம் வீடுகளில் வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கத்ரும் ஹக்கும்

நடந்தது அல்லாஹ்வின் கத்ர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கத்ரை நம்புவது ஹக்கைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அந்தக் குடும்பத்திற்கு தியத் கொடுக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. குடும்பத்தார் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே விலக்கு. உடல் உறுப்புகளுக்கு ஏற்படும் காயத்திற்கு என்ன ஈடு என்பதும் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாக இருக்கிறது. ஆகவே காயத்திற்கு ஈடு கேட்பது பேராசையும் அல்ல, தவக்குலுக்கு மாறானதும் அல்ல.

மன்னிப்பது உயர்ந்த குணம்தான். ஆனால் தன் ஹக்கு எவ்வளவு என்று தெரிந்து விட்டுக்கொடுத்தால்தான் அதற்கு மன்னிப்பு என்று பெயர்.

"தெரிந்த பிள்ளைமேல் எப்படி வழக்குப் போடுவது" என்ற தயக்கத்திற்கும் பதில் உண்டு. இழப்பீட்டு மனுவில் வாகன உரிமையாளர் பெயரும் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் எதிர்மனுதாரர்களாக இருக்கும். பாலிசி செல்லுபடியாக இருந்தால் பணம் கட்டுவது பெரும்பாலும் கம்பெனிதான். அதற்காகத்தான் உரிமையாளர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார். இந்த மனுவால் யாரும் சிறைக்குப் போவதில்லை. அது போலீஸ் போடும் குற்ற வழக்கு; இரண்டும் வேறு வேறு.

எந்த வண்டியில் போனீர்கள்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஓடும் எல்லா வாகனங்களுக்கும் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அந்த இன்சூரன்ஸ் உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

பேருந்து, ஆட்டோ, மஞ்சள் போர்டு கார், டூரிஸ்ட் வேன்: இவை பயணிகளை ஏற்றுவதற்கென்றே பெர்மிட் வாங்கியவை. இவற்றின் கட்டாய இன்சூரன்ஸ் பயணிகளையும் சேர்த்தே காக்கும். ஆனால் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தால், எத்தனை பேருக்கு இன்சூரன்ஸ் உண்டோ அத்தனை பேர் அளவுக்குத்தான் கம்பெனியின் பொறுப்பு என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சத்தை உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் நெருக்கி உட்காரும்போது இது நினைவிருக்கட்டும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து என்றால் கழகமே இழப்பீடு தர வேண்டும்.

சொந்த கார், பைக்: உறவினர் காரில் போகிறோம், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறோம். வண்டிக்கு வெறும் 'தேர்டு பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால், காருக்குள் இருப்பவருக்கும் பைக்கின் பின்னால் இருப்பவருக்கும் அந்தக் கம்பெனி பொறுப்பேற்காது என்பதே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் நிலை. 'பேக்கேஜ் பாலிசி', அதாவது நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்வது இருந்தால், அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. இதை 2009-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. பழைய பைக்குக்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் என்று சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறோம். பின்னால் உட்காருவது நம் மனைவியும் பிள்ளைகளும்தான்.

வாடகைக்கு ஓடும் 'ஓன் போர்டு' வண்டி: வெள்ளை நம்பர் பிளேட் வைத்த சொந்தப் பயன்பாட்டு வண்டியைச் சிலர் வாடகைக்கு விடுகிறார்கள். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விபத்து நடந்தால், பாலிசி நிபந்தனையை மீறி வாடகைக்கு ஓட்டினார்கள் என்று சொல்லிக் கம்பெனி விலகிக்கொள்ள இடம் உண்டு.

லோடு வண்டி: கல்யாணத்துக்கும் ஜியாரத்துக்கும் பெண்கள், பிள்ளைகள் என்று குட்டியானையிலும் மினி லாரியிலும் ஏறிப் போவதைப் பார்க்கிறோம். சரக்கு வாகனத்தில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் போனால் இன்சூரன்ஸ் உண்டு. சும்மா ஏறிப்போகும் பயணிக்கு அந்தக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உரிமையாளரிடம் கையில் ஒன்றுமில்லை என்றால் தீர்ப்பு வெறும் தாளாகவே இருந்துவிடும். தயவுசெய்து குடும்பத்தை லோடு வண்டியில் ஏற்றாதீர்கள்.

வண்டி நம்பரை எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரியும். கல்யாண வேன் பேசி முடிக்கும் முன் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்துவிடலாம்.

இரண்டு வண்டி மோதினால்

நம் சகோதரிக்கு நடந்தது இதுதான். இதில் பயணிக்குச் சட்டம் பெரிய பலம் தருகிறது.

எதிரே வந்த வண்டிக்கு நீங்கள் மூன்றாம் நபர். ஆகவே அதன் ஓட்டுநர் மீது தவறு இருந்தால், அந்த வண்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி இருந்தாலே உங்களுக்குப் போதும். நீங்கள் போனது லோடு வண்டியானாலும் ஃபுல் இன்சூரன்ஸ் இல்லாத பைக் ஆனாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

இரண்டு ஓட்டுநர்கள் மீதும் தவறு என்றால்? பயணி மீது தவறு இல்லை. எனவே இருவரிடமும் கேட்கலாம். ஒருவரிடம் மட்டும் முழுத் தொகையையும் கேட்கலாம். தங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை அவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். 2015-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. "தப்பு அந்த வண்டிமேல" என்று இரு தரப்பும் உங்களை அலைக்கழித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் போடாதது, மூன்று பேராகப் போனது போன்றவற்றைக் காட்டித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். பைக்கில் மூவர் போனார்கள் என்ற ஒரே காரணத்திற்காகக் குறைக்கக்கூடாது, விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காக மூவராகப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஹெல்மெட் போடுவது உயிரைக் காக்கும் கடமை.

முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

முதல் கடமை சிகிச்சை. 108-ஐ அழையுங்கள். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் காயப்பட்டவருக்கு, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். சேர்க்கும்போதே "இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். காயப்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிப்போக்கரைப் போலீஸ் வழக்கில் இழுக்கக்கூடாது என்று 2019-ல் திருத்தப்பட்ட சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆகவே உதவப் பயப்பட வேண்டாம்.

மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். சேர்க்கும்போது எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, பின்னால் முக்கிய ஆதாரமாகும். போலீஸுக்குப் பயந்து "மாடிப்படியில் விழுந்தார்" என்று சொல்லி, பிறகு தவிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல் முதல் தகவல் அறிக்கை பதிவாகும்வரை விடாதீர்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். "எங்கள் அறிக்கை போய்விட்டதா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

பிறகு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்: ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாடகைச் சீட்டு, இரு வண்டிகளின் நம்பர், ஆர்.சி., பாலிசி நகல், பயணச் சீட்டு, ஆதார், வருமானத்திற்கு ஏதாவது ஆதாரம். கல்யாண வேனில் போயிருந்தால் பத்திரிகையையும் வண்டி பேசியதற்கான மெசேஜையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த வண்டியில் இருந்தீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வெற்றுத் தாளிலும் சமரசப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். யாராவது அன்போடு செலவுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, "சிகிச்சைச் செலவுக்காக இவ்வளவு பெற்றேன்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது?

மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, தவறு யார் மீது என்று நிரூபிக்கத் தேவையில்லாத வழி. சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மரணத்திற்கு 5 லட்சம், கொடுங்காயத்திற்கு 2.5 லட்சம் ரூபாய். எலும்பு முறிந்தாலே சட்டத்தின் பார்வையில் அது கொடுங்காயம்தான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால், கூடுதலாகக் கேட்கும் அடுத்த வழி அடைபட்டுப்போகும். அவசரத்தில் ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள்.

இரண்டாவது, 166ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. விபத்து எந்த மாவட்டத்தில் நடந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

மூன்றாவது, இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாதபோது. 161ஆம் பிரிவின்படி மரணத்திற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய். விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், 166ஆம் பிரிவு மனுவை விபத்து நடந்து 6 மாதத்திற்குள் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் வந்திருக்கின்றன. எனவே 6 மாதம் கடந்துவிட்டவர்களும் மனம் தளராமல் வழக்கறிஞரைப் பாருங்கள். மற்றவர்கள் 6 மாதம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

தொகை எப்படிக் கணக்காகிறது?

மருத்துவச் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுத்திருந்த நாட்களின் வருமான இழப்பு, வலி வேதனை, இனி ஆகப்போகும் சிகிச்சை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். நிரந்தரமாகக் குறை தங்கிவிட்டால் எதிர்கால வருமான இழப்பும் சேரும்.

நம் சகோதரியை வைத்தே ஓர் எடுத்துக்காட்டு. மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் ஆண்டுக்கு 1,44,000. 40 வயதிலிருந்து 50 வயதுக்குள் உள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்த்தால் 1,80,000. அவருடைய தொழிலைச் செய்யும் திறனில் 20 சதவீதம் குறைந்துவிட்டது என்றால் ஆண்டு இழப்பு 36,000. 41 முதல் 45 வயதுக்குரிய பெருக்கு எண் 14. மொத்தம் 5,04,000 ரூபாய். மேலே சொன்ன செலவுகள் இதற்கு அப்பால். அவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டது 25,000 ரூபாய்க்கு.

இதில் சதவீதம் என்பது மருத்துவர் எழுதும் ஊனச் சதவீதம் மட்டுமல்ல. அந்தக் குறை அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதே கணக்கு. கால் மடங்காதது கணக்கு எழுதுபவரைவிட மிஷின் மிதிப்பவரை அதிகம் பாதிக்கும். அதை வழக்கறிஞரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

"நான் சும்மா வீட்டிலதானே இருக்கேன், எனக்கு என்ன வருமானம்?" என்று பெண்கள் கேட்கிறார்கள். சமைத்து, துவைத்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு போட்டே இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

தீர்ப்புத் தொகையோடு வட்டியும் சேர்ந்து வரும். அந்தப் பகுதியை என்ன செய்வது என்பதை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அந்தத் தயக்கத்தால் அசல் ஹக்கையே விட்டுவிட வேண்டாம்.

வழக்கறிஞரும் அமானத்தும்

ஆஸ்பத்திரி வாசலிலேயே "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருவதில் பாதி" என்று வரும் தரகர்களிடம் காகிதங்களைக் கொடுத்துவிடாதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் கூலி பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. இழப்பீட்டுப் பணம் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே உங்கள் பெயரில் கணக்கு இருக்கட்டும், கையெழுத்திட்ட காசோலை யார் கையிலும் இருக்க வேண்டாம்.

வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. உதவி எண் 15100. லோக் அதாலத்தில் சமரசமாக முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன்மேல் அப்பீல் இல்லை. தொகை நியாயமா என்று பார்த்தே ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வண்டியில் இல்லாதவரை இருந்ததாகச் சேர்ப்பது, இன்சூரன்ஸ் உள்ள வேறு வண்டியின் நம்பரை எழுதுவது, பொய் பில் வைப்பது ஆகியவை சட்டப்படி குற்றம், மார்க்கப்படி ஹராம். பிடிபட்டால் உண்மையாகக் காயப்பட்டவரின் மனுவும் சேர்ந்து கெடும். இப்படிப்பட்ட கோரிக்கைக்கு அறக்கட்டளை ஒருபோதும் துணை நிற்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டிய பணத்தைக் கேட்காமல் விட்டால், அந்தச் சிகிச்சைச் செலவு கடைசியில் பைத்துல்மாலின் மேல் வந்து விழுகிறது. கேட்க வேறு இடமே இல்லாத ஒரு யதீமுக்கோ விதவைக்கோ போக வேண்டிய ஜகாத் அது.

அந்தச் சகோதரியின் அறுவை சிகிச்சைக்கு அறக்கட்டளை உதவியது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். மிஷினை இன்னும் நெடுநேரம் மிதிக்க முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா போய்வருகிறார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது விபத்து நேர்ந்தால், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அலுவலகத்திற்கு வாருங்கள். காகிதங்களைச் சரிபார்த்து, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூடவே வந்து உதவுவோம், இன்ஷா அல்லாஹ். அல்லாஹ் நம் பயணங்கள் அனைத்தையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. ஆமீன்.

— செயலாளர், அறக்கட்டளை நிர்வாகத்தின் சார்பாக